உப்பேறிய நீர்

மாரி விட்டு, தை மாத வெயில் முற்றத்தில் இறங்கியதும் டீச்சர் அந்தப் புத்தகத்தை வெளியில் எடுப்பார். பன்பாயை விரித்து, அதன்மேல் பழைய சீலைத் துண்டொன்றைப் போட்டு, நடுவில் அதைக் கிடத்துவார். கறுப்பு ரெக்சின் அட்டை. வெங்காயச் சருகு மாதிரியான தாள். மூன்று பக்க விளிம்பிலும் ஒருகாலம் சிவப்புச் சாயம் பளபளத்திருக்க வேண்டும். இப்போது அந்தச் சாயம் உள்ளே ஊறி, ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இளஞ்சிவப்பாக ஒரு வளைகோடு போட்டிருக்கிறது. ஆதியாகமத்தில் அது விரற்கடை அகலம். சங்கீதத்துக்கு வரும்போது எழுத்துக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. கடல் எதுவரை வந்தது என்பதைத் தாளே குறித்துவைத்திருக்கிறது.

கடல்நீரில் ஊறிய புத்தகம் ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை. தண்ணீர் போய்விடும், உப்புப் போகாது. கார்த்திகை, மார்கழியில் காற்றில் ஈரம் ஏறினால் அந்த உப்பு ஈரத்தை இழுத்துத் தாளுக்குக் கொடுக்கும். உப்புப் போத்தலுக்குள் நாலு அரிசியைப் போட்டுவைக்கிற எந்த வீட்டிலும் தெரிந்த சங்கதிதான் இது. அதனால் ஒவ்வொரு வருடமும் டிசம்பர் 26 வரும்போது, கூரையில் ஒழுக்கு இல்லாவிட்டாலும், அலுமாரிக்குள் இருக்கிற அந்த வேதாகமம் தன்பாட்டில் நனைந்திருக்கும்.

டீச்சர் இதைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. காய வைப்பார், அவ்வளவுதான்.

கல்முனையில் எனக்குத் தமிழ் படிப்பித்தவர் அவர். சாய்ந்தமருதிலிருந்து சைக்கிளில் போய் வந்த பெடியன் நான். வாப்பாவுக்கு என்னைக் கணக்காளன் ஆக்க ஆசை, டீச்சர் கெடுத்துவிட்டார். பாட்டுக்கு நயம் எழுதச் சொன்னால் நாங்கள் ‘கவிஞர் இங்கே அழகாக எடுத்துரைக்கிறார்’ என்று தொடங்குவோம். அவர் சிவப்புப் பேனாவால் அந்த ‘அழகாக’வை வெட்டிவிட்டு, “எங்க இனிச்சது எண்டு சொல்லு. நாக்கில எந்த இடத்தில எண்டு சொல்லு” என்பார். நாற்பது வருடம் பிந்தி அந்தப் பாடத்தை ஒப்படைக்கிறேன். நயம் பாராட்டப் போவது பாட்டை அல்ல, அவருடைய ஜெபத்தை. நான் முஸ்லிம், அந்த ஜெபத்துக்குள் வெளியாளாக நின்று கேட்டவன். வெளியாளின் காதில்தான் சில ஒலிகள் தட்டுப்படும்.

முதலில் இனித்த இடம் ‘நீர்’.

தமிழில் கடவுளை ‘நீ’ என்று கூப்பிடுவது பழைய உரிமை. தேவாரம் பாடினவர்கள் சிவனைப் பெரும்பாலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். நாங்களும் துஆக் கேட்கும்போது ‘யா அல்லாஹ், நீ மன்னிப்பாயாக’ என்கிறோம். ‘நீங்கள்’ என்று கடவுளை அழைக்கிற தமிழரை நான் கண்டதேயில்லை. அது வங்கி முகாமையாளருக்குரிய சொல். கிறிஸ்தவர்கள் மட்டும் இரண்டுக்கும் நடுவில் ‘நீர்’ என்றதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘நீ’ என்றால் மட்டுக்கு இறங்கிவிடும், ‘நீங்கள்’ என்றால் ஒருவரா பலரா என்ற மயக்கம் வரும் என்று மொழிபெயர்த்தவர்கள் யோசித்திருப்பார்கள் என்பது என் ஊகம். பழைய இலக்கணத்தில் ‘நீர்’கூடப் பன்மைதான் என்று யாராவது சண்டைக்கு வரலாம். வரட்டும். அந்தப் பன்மை தேய்ந்து கனகாலம்.

தமிழ்நாட்டில் பெரும்பாலும் இந்தச் சொல் ராஜா ராணிப் படங்களோடு போய்விட்டது. இலங்கையில் போகவில்லை, குறிப்பாக யாழ்ப்பாணத்தில். புருஷன் பெண்சாதியைப் பார்த்து ‘நீர் சாப்பிட்டீரோ’ என்பார். வாத்தியார் வளர்ந்த மாணவனை ‘இரும்’ என்பார். கந்தோரில் ஒத்த வயதுக்காரர் ஒருவரையொருவர் ‘சொல்லும்’ என்பார்கள். எங்கள் கரையில் வீட்டுப் பேச்சில் இது குறைவு. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த ஆசிரியர்கள்தான் எங்கள் காதில் போட்டார்கள். ஆகவே ஒரு நாள் காலைக் கூட்டத்தில் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு “எங்களோட இரும்” என்றபோது, எங்கள் கணக்கு வாத்தியார் பின்வாங்கில் கதைத்தவனைப் பார்த்து “இரும் ஐசே” என்ற அதே ‘இரும்’ என் காதில் விழுந்தது. கடவுளும் எங்கள் வகுப்பில்தான் எங்கோ உட்காராமல் நிற்கிறார் போல என்று நினைத்தேன். பன்னிரண்டு வயதில் அது பகிடி. இப்போது நினைத்தால் அந்தச் சொல்லின் நயமே அங்கேதான் இருக்கிறது. ‘நீர்’ என்று அழைக்கப்படுகிறவர் கைக்கெட்டாத உயரத்தில் இல்லை. கதிரை ஒன்றை இழுத்துப் போட்டால் உட்காரக்கூடிய ஆள்.

இரண்டாவது, ‘தாரும்’. இதற்குத் தொல்காப்பியர் வரை போக வேண்டும். ஈ, தா, கொடு என்ற மூன்றுக்கும் அவர் மூன்று வாயைக் காட்டியிருக்கிறார். தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’. ஒத்தவன் கேட்பது ‘தா’. உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’. கிறிஸ்தவர் நாளாந்தம் சொல்லும் ஜெபத்தில் அன்றைய சாப்பாட்டுக்கு நிற்கிற சொல் ‘தாரும்’. பிச்சைக்காரனின் ‘ஈ’ அங்கே வரவில்லை. மொழிபெயர்த்தவர்கள் தொல்காப்பியத்தைத் திறந்து வைத்துக்கொண்டா செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது, செய்திருக்க மாட்டார்கள். தமிழ் தன்பாட்டில் செய்த வேலை இது. ஒத்தவனின் வினையடியில் மரியாதை விகுதியைச் சேர்த்து, பணிவும் உரிமையும் ஒரே சொல்லுக்குள் வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றையும் இழந்த ஒருவரின் வாயில் ‘தாரும்’ எப்படி ஒலிக்கும் என்று கேட்டுப் பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்த ஆள் வாசலில் வந்து நிற்பது போலத்தான் இருக்கும்.

இந்தக் கரையின் மெதடிஸ்த சரித்திரம் இழப்போடுதான் தொடங்குகிறது. 1813 முடிவில் இலங்கைக்குப் புறப்பட்ட வெஸ்லியன் குழுவின் தலைவர் தோமஸ் கோக் கடற்பயணத்திலேயே இறந்துபோனார். அதே பயணத்தில் வில்லியம் ஓல்ட் தன் மனைவியைக் கடலுக்குக் கொடுத்தார். தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து, பள்ளிக்கூடம் தொடங்கி, ஒரு வருடம் முடியுமுன் 1815 ஏப்ரலில் தானும் போய்ச் சேர்ந்தார். கணக்குப் பார்க்கிற எவரும் மூடிவிடுகிற கடை இது. மூடவில்லை. அந்த வேர் தெற்கே கல்முனை வரை ஓடியது. பக்கத்து ஊரான காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் என்ற பிள்ளை கல்முனை மெதடிஸ்த பள்ளிக்கூடத்தில் படித்து, பிறகு மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரிக்குப் போய், ஈற்றில் விபுலாநந்த அடிகளாகி ‘யாழ் நூல்’ எழுதினார். யாரோ நட்ட மரத்தில் யாரோ காய் பறிப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். யாழ்ப்பாணத்தில் அதே சபையின் பேர்சிவல் பாதிரியார் 1850இல் வெளியிட்ட தமிழ் வேதாகமத்துக்கு உழைத்தவர் ஆறுமுக நாவலர். அவருக்குமேல் சைவத்துக்கு ஆள் தேட வேண்டியதில்லை. சென்னைக்காரர் அந்த மொழிபெயர்ப்பை ஏற்கவில்லை. பவர் தலைமையில் 1871இல் வந்ததுதான் நிலைத்தது. டீச்சரின் முற்றத்தில் காய்வது அதன் வழிவந்த பிரதி.

ஊர்ப்பெயர்களிலும் பள்ளிப்பெயர்களிலும் இந்தக் கலப்பு கிடக்கிறது. கல்முனையில் கத்தோலிக்கப் பாடசாலை ‘கார்மேல் பற்றிமா’. பற்றிமா என்பது போர்த்துக்கல் நாட்டில் மாதா காட்சி கொடுத்ததாகச் சொல்லப்படும் ஊர். அந்த ஊர்ப்பெயரோ அரபுப் பெயர். நபிகளாரின் மகளுக்கும் அதே பெயர். எங்கள் ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு பாத்திமா இருப்பாள். ‘ற்றி’ போட்டால் கோயில், ‘த்தி’ போட்டால் பள்ளிவாசல். எழுத்துக்கூட்டல் மட்டும்தான் எல்லைக்கல்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். நத்தாருக்கு மறுநாள். காலை ஒன்பது மணிக்கு முன்பின்னாகக் கடல் வந்தது. ‘சுனாமி’ என்ற சொல் அப்போது எங்களிடம் இல்லை. “கடல் வருகுது” என்று கத்திக்கொண்டுதான் ஓடினோம். இலங்கையில் மிக அதிகமாகச் சனம் செத்தது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கிற கரை இது. எங்கே ஒன்று முடிகிறது, எங்கே மற்றது தொடங்குகிறது என்று ஊர்க்காரனுக்குத்தான் தெரியும். கடலுக்குத் தெரியவில்லை.

டீச்சரின் வீடு கடற்கரைப் பக்கம். கணவரும் இளைய மகனும் போனார்கள்.

ஐந்தாறு நாள் கழித்து, இடிபாடு கிண்டிக்கொண்டிருந்த மருதமுனைப் பெடியன் ஒருவன் அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தான். நெசவு வீட்டுப் பிள்ளை. உள்ளே அரபு இல்லை, தமிழ்தான்; ஆனால் வேதப் புத்தகம் என்று விளங்கிவிட்டது. இன்ஜீலும் எங்களுக்கு வேதம்தானே. சேற்றில் வைக்க மனம் வராமல், சாரத்தின் ஓரத்தைக் கிழித்துச் சுற்றி, அட்டையின் உட்புறத்தில் கலங்கிக் கிடந்த பெயரை வாசித்து, விசாரித்து விசாரித்து முகாமுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். நிலத்தில் வைக்காமல் டீச்சரின் இரண்டு கையிலும் வைத்தானாம். டீச்சர் அதைச் சொல்லும்போது ‘கையில’ என்று சொல்லமாட்டார். “ரெண்டு கையிலயும்” என்பார்.

நான் முகாமுக்குப் போனது அதற்குப் பிறகு. பள்ளிக்கூட மண்டபம், தரையெல்லாம் பாய், குழந்தைகளின் இருமல், பருப்பு வேகிற மணம். டீச்சர் சுவரில் சாய்ந்திருந்தார். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, சலாம்கூட வரவில்லை. அவர்தான் “இரி மன” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, நாலைந்து பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஜெபிக்கச் சொல்லிக் கேட்டார்கள். அவர் கண்ணை மூடினார்.

“நீர்” என்றார்.

பிறகு ஒன்றும் வரவில்லை. நிமிடக் கணக்கில் வரவில்லை. மண்டபத்தின் மறுபக்கத்தில் யாரோ பேர் வாசித்துக்கொண்டிருந்தார்கள், அரிசிக்கு. ஒரு பெண் விம்மினாள். டீச்சர் “ஆமென்” என்று முடித்துக் கண்ணைத் திறந்தார்.

ஒற்றைச் சொல் ஜெபம். எழுவாய் உண்டு, பயனிலை இல்லை. எங்களுக்கு வாக்கியம் பிரித்துக் காட்டியவர், பயனிலை இல்லாத வாக்கியத்துக்குப் புள்ளி குறைத்தவர், அன்றைக்கு அப்படி விட்டுவிட்டார். கனவருடம் கழித்து நான் அதைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டேன். “எனக்கு வினை ஒண்டும் அகப்படல்ல மன. ‘எடுத்தீர்’ எண்டு சொல்லவும் ஏலாது, ‘காத்தீர்’ எண்டு சொல்லவும் ஏலாது. அதை அவரே போடட்டும் எண்டு விட்டன்” என்றார்.

அவருடைய தைரியத்துக்கு நான் காட்டக்கூடிய இடம் இதுதான். துணிந்து வசனம் பேசுவதை எல்லாரும் தைரியம் என்கிறார்கள். பொய்யான வினையைப் போட்டு வாக்கியத்தை முடித்துவிடாமல், எழுவாயையும் கைவிடாமல், நடுவில் நிற்பதற்கு வேறு ஒரு நெஞ்சு வேண்டும். ‘நீர் இல்லை’ என்றும் அவர் சொல்லவில்லையே. கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், அவர் கோபித்தாலும். ‘நீர்’ என்றால் தண்ணீரும்தான். வீட்டையும் ஆட்களையும் கொண்டுபோனதற்கும், அன்று அவர் கூப்பிட்டவருக்கும் தமிழில் ஒரே பெயர். இந்தச் சிலேடையை ஒருமுறை பெரிய கண்டுபிடிப்பு மாதிரி அவரிடம் சொன்னேன். “சிலேடையெல்லாம் சோதினைக்கு” என்றார். பிறகு அடுப்படிக்குப் போனவர் திரும்பி வந்து, “நாம தண்ணிய தண்ணி எண்டுதான் சொல்லுற” என்றும் சொன்னார். அடுப்படிக்குள் நின்று யோசித்திருக்கிறார். அதற்கு மேல் நான் தொடவில்லை.

மூன்றாவது, ‘நம்பிக்கை’ என்ற சொல். டீச்சரின் பழைய வேதாகமத்தில் விசுவாசம் வேறு, நம்பிக்கை வேறு. கடவுளைப் பற்றிக்கொள்வது விசுவாசம். இனி வருவதைப் பார்த்திருப்பது நம்பிக்கை. 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் கூடிச் செய்த ‘திருவிவிலியம்’ என்ற பொது மொழிபெயர்ப்பு வந்தது. அதில் விசுவாசம் இருந்த கதிரையில் நம்பிக்கையைத் தூக்கி வைத்தார்கள். எழுப்பப்பட்ட நம்பிக்கையின் இடத்தில் புதுச்சொல் ஒன்றை இருத்தினார்கள்: எதிர்நோக்கு. முதலில் வாசித்தபோது எனக்கு அது மொழிபெயர்ப்புக் குழுக் கூட்டத்தில் தேநீர் இடைவேளைக்கு முன் அவசரமாகப் பிறந்த சொல் போல இருந்தது. பேச்சில் ஒருவரும் சொல்வதில்லை. டீச்சருக்கும் பிடிக்காது, “விசுவாசம் எண்டா வாய் நிறையும்” என்பார்.

ஆனால் கல்முனைக் கடற்கரையில் நின்று அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. எங்கள் கடல் கிழக்கில் கிடக்கிறது. சூரியன் தண்ணீருக்குள்ளிருந்து வரும். நாங்கள் மேற்கை ஒட்டி மக்காவைப் பார்த்துத் தொழுகிறவர்கள். நாகூர் ஆண்டகை பேரில் கொடியேறுகிற கடற்கரைப் பள்ளியிலும் தொழும்போது கடல் முதுகுப் பக்கம்தான். டீச்சர் இப்போது உள்ளூருக்குள் வந்துவிட்டாலும், பெரிய வெள்ளிக்குப் பிறகு வரும் ஞாயிறு விடியப்புறத்தில் கடற்கரைக்குப் போவார். கடலைப் பார்த்து நிற்பார். எது அவருடைய ஆட்களைக் கொண்டுபோனதோ அந்தத் திசையில் இருந்துதான் விடியவும் வேண்டும். வேறு திசை இந்தக் கரைக்குக் கொடுக்கப்படவில்லை. எதிர்நோக்குதல் என்றால் எதிரே நோக்குதல். சொல் பிறந்த கூட்டத்தில் யாரும் கல்முனைக்காரர் இருந்திருக்க மாட்டார். இருந்தாலும் சொல் இங்கே வந்து பொருந்திவிட்டது.

இதற்கு மாறாக, நம்பிக்கைக்கு வேதத்தில் வருகிற நங்கூர உவமை எனக்கு இந்தக் கரையில் ஒட்டவேயில்லை. எங்கள் கடல் திறந்த கடல். தோணியை மணலில் இழுத்துப் போடுவார்களே தவிர நங்கூரம் பாய்ச்சிக் கட்டிவைக்கத் துறை இல்லை. 2013இல் திறந்த ஒலுவில் துறைமுகத்தின் வாயையும் மணல் அடைத்தது. இங்கே எழுதியிருந்தால் கரைவலைக் கயிற்றைத்தான் சொல்லியிருப்பார்கள். வலை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் கிடக்கும். கரையில் இரண்டு வரிசையாக ஆட்கள் நின்று, இடுப்பைச் சாய்த்து, குதிகாலை மணலில் புதைத்து இழுப்பார்கள். மணிக்கணக்கில் கயிறு மட்டும்தான் வரும். மடியில் மீன் இருக்கிறதா, வெறும் சாதாழையா என்று கடைசி மட்டும் தெரியாது. கயிற்றின் பாரத்தை வைத்து ஏதோ இருக்கிறது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். சில நாள் அது பிழைக்கும்.

அப்படிக் கயிறு பிடித்த ஒருவரை மட்டக்களப்பில் பலர் அறிவார்கள். அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்த இயேசு சபைக் குரு ஹரி மில்லர். புனித மைக்கேலில் படிப்பித்தவர். யுத்த காலத்தில் பிள்ளைகளைத் தேடி வந்த தாய்மாரின் கதைகளைக் கேட்டுப் பேர், ஊர், நாள் என்று எழுதிவைத்தார். அவருடைய தோழர், கூடைப்பந்து பழக்கிய இயூஜின் ஹேபெயர் அடிகளார், 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டுக் காணாமல் போனார். கூடப்போன இளைஞனும் வரவில்லை. அதே ஆகஸ்டில்தான் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் எங்கள் ஆட்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். ஒரே மாதம், ஒரே றோட்டு. மில்லர் அதற்காக ஊரைவிட்டுப் போகவில்லை. பட்டியலில் நண்பரின் பேரையும் சேர்த்து எழுதிவிட்டு அடுத்த தாயின் கதையைக் கேட்டிருப்பார் என்று கற்பனை பண்ணிக்கொள்கிறேன். 2019 தொடக்கத்தில், தொண்ணூறைத் தாண்டிய வயதில் இறந்தார். அதே வருடம் ஏப்ரலில் நடந்ததை அவர் பார்க்கவில்லை.

2019 ஏப்ரல் 21. பத்திரிகைகள் அதற்கு வைத்த பேர் ‘உயிர்த்த ஞாயிறு தாக்குதல்’. உயிர்த்ததையும் தாக்கியதையும் ஒரே தொடரில் நிறுத்திவிட்டு இடையில் ஓர் ஒற்றுக்கூடப் போடாமல் தமிழ் தள்ளி நிற்கிறது. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து, பிள்ளைகள் வெளியில் வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். முதுகில் குண்டுப் பையோடு வந்தவனை உள்ளே விடாமல் சபைக்காரர் ஒருவர் வாசலில் மறித்துக்கொண்டு நின்றார். அவர் அங்கேயே செத்தார். 30க்கும் மேல் இறந்தார்கள், நிறையப் பிள்ளைகள். ஐந்தாம் நாள், 26ஆந் திகதி வெள்ளி இரவு, எங்கள் மார்க்கத்தின் பேரைச் சொல்லிக் குண்டு வைத்த அந்தக் கூட்டத்தின் மிச்சம் எங்கள் சாய்ந்தமருதில் இருந்தது தெரியவந்தது. சுனாமிக்குப் பிறகு வெனிசுவேலா உதவியில் கட்டின வீட்டுத்திட்டத்தில் வாடகைக்கு வந்திருந்தார்கள். புது ஆட்கள் மேல் சந்தேகப்பட்டுத் தகவல் கொடுத்தது எங்கள் ஊர்ச் சனம்தான். விடியும்போது அந்த வீட்டுக்குள் குண்டு வைத்துச் செத்தவர்களில் பிள்ளைகளும் கிடந்தார்கள்.

நான் டீச்சரிடம் போகவில்லை. முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? றோட்டில் சோதனை, பஸ்ஸில் பக்கத்தில் ஆள் இருக்காது, அபாயாவோடு போன பெண்களைப் பார்த்த பார்வை வேறு. மே மாதம் நோன்பும் தொடங்கிவிட்டது. இரண்டு கிழமை இழுத்தடித்து ஒரு பின்னேரம் போனேன். கேற்றடியில் நின்று “டீச்சர்” என்றேன். என் குரலே எனக்குக் கேட்கவில்லை.

கதிரை வெளியில் போட்டிருந்தது. வழமையாகப் போனதும் வருகிற தேத்தண்ணி வரவில்லை. அதை நான் தண்டனையாக எடுத்துக்கொண்டேன். பிறகுதான் பார்த்தேன், அவருடைய கோப்பையும் குசினி யன்னலில் குப்புறக் கிடந்தது. நோன்பாளிக்கு முன்னால் குடிக்கக்கூடாது என்று அவரும் குடிக்காமல் இருந்திருக்கிறார்.

நான் சீயோன் பிள்ளைகளைப் பற்றி ஏதோ தொடங்கி, ‘எங்கட ஆக்கள்’ என்று வந்து தடக்குப்பட்டேன். டீச்சர் கையை உயர்த்தி மறித்தார்.

“நம்மட புள்ளைகள்தானே” என்றார். கொஞ்சம் பொறுத்து, “அந்த வீட்டுக்குள்ள கிடந்த சின்னதுகளும்.”

இங்கேதான் நாக்கில் எந்த இடம் என்று நான் காட்ட வேண்டும். தமிழில் ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. கேட்கிற ஆளையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை வெளியில் விட்டால் ‘நாங்கள்’. கல்முனைக்குடியில் பிறந்த மொழியியலாளர் நுஃமான் எங்கள் ஊர்க்காரர் என்று பெருமைப்படுகிற எவரும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். யாழ்ப்பாணப் பேச்சில் ‘நாங்கள்’ இரண்டையும் விழுங்கிவிட்டது. எங்கள் கரையில் ‘எங்கட’வும் உயிரோடு இருக்கிறது, ‘நம்மட’வும் உயிரோடு இருக்கிறது. சந்தையில் மீன் விலை பேசும்போதுகூட எது எங்கே வரும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியும். நான் ‘எங்கட’ என்று வேலி போட்டேன். அவர் ‘நம்மட’ என்று என்னை உள்ளே இழுத்துவிட்டுக் கடப்பைச் சாத்தினார். சீயோனில் செத்த பிள்ளைகள் எனக்கும், சாய்ந்தமருதில் செத்த பிள்ளைகள் அவருக்கும் சொந்தமானார்கள், ஒரு மகரத்தால். மன்னிப்பு என்ற சொல்லே வரவில்லை. வந்திருந்தால் நான் அழுதிருக்க மாட்டேன்.

பிறகு “ஜெபிக்கட்டா?” என்று கேட்டார். தலையாட்டினேன். இந்தமுறை வினைகள் வந்தன. இரும், தாரும், காரும். ஒவ்வொன்றிலும் “எங்களுக்கு”, “எங்களை”. ‘நம்மை’ என்று வரவேயில்லை, வரவும் முடியாது. ஜெபம் கேட்கிறவர் கடவுள். தமிழ் இலக்கணப்படி அவரை வெளியில் நிறுத்தினால்தான் அவரிடம் கேட்கலாம். அதனால் அந்த ‘எங்களை’க்கு வெளியே நின்றவர் கடவுள் ஒருவர்தான். மிச்ச எல்லாரும், கதிரையில் இருந்த நானும், உள்ளே. அவர் யோசித்துச் செய்தார் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது வருடமாக அதே சொல்லால் ஜெபிக்கிறவர். அன்றைக்குத்தான் அது எனக்கு அளவாக இருந்தது.

பாங்கு சொல்ல ஐந்து நிமிடம் இருக்கும்போது எழும்பி உள்ளே போய், தட்டில் மூன்று ஈத்தம்பழமும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு நோன்புக்கும் சந்தையில் ஒரு பக்கெட் வாங்கிவைப்பாராம், பழைய மாணவர் யாராவது வந்தால் என்று. அந்த வருடமும் வாங்கியிருந்தார். அந்த வருடமும் என்று நான் சொல்கிறேன்; அவர் அதை ஒரு விஷயமாகவே சொல்லவில்லை. பக்கெட் திறக்கப்படாமல் இருந்திருக்கிறது. எனக்கு முன் ஒருவரும் போகவில்லை.

போன தை மாதம் போனபோது முற்றத்தில் பாய் விரித்திருந்தது. இப்போது அவருக்குக் குனிய ஏலாது. என்னைப் பாயில் இருத்தி, தான் கதிரையில் இருந்துகொண்டு தாள் புரட்டச் சொன்னார். ஒன்றோடொன்று ஒட்டிய தாள்களைப் பிரிக்க அவருடைய பழைய மர அடிமட்டம். எங்களுக்கு அடி விழுந்த அதே அடிமட்டம், ஏழாம் அங்குலத்தில் நெளிந்தது. அதைத் தட்டையாக உள்ளே விட்டு, மெல்ல நகர்த்த வேண்டும். அவசரப்பட்டால் சங்கீதம் கிழிந்துவிடும். கடற்காற்று வந்து நான் பிரித்ததை எல்லாம் மூடியது.

“பிடி மன, காத்தடிக்குது.”

பிடித்தேன். தாளுக்கும் தாளுக்கும் இடையிலிருந்து வெள்ளையாக ஏதோ என் சாரத்தில் உதிர்ந்தது, பவுடர் மாதிரி. டீச்சர் கதிரையில் இருந்தபடியே கையை நீட்டி விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“இன்னும் உப்புக் கிடக்கு” என்றார். “அடுத்த பக்கத்தப் பிரட்டு.”